வடையைப் பறித்த நரியும் கன்னியாவின் இராவணனும்: பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் கதைகள்

பாட்டி வடை சுட்ட கதையில் யார் கள்ளன்? தரம் 2 இல் படிக்கும் என் மகள்தான் இதைக் கேட்டாள். “காகமும் களவெடுத்ததுதானே அம்மா, ஏன் நரிய மட்டும் கெட்டது எண்டு சொல்றீங்க?” கேள்வி நியாயமானது. பாட்டியின் வடையை முதலில் தூக்கிக்கொண்டு போனது காகம். நரி அதை ஏமாற்றிப் பறித்தது. கடைசியில் நாம் சொல்லும் நீதி, “புகழ்ச்சிக்கு மயங்காதே” என்பது. யோசித்துப் பார்த்தால் அது கள்ளனுக்குச் சொல்லும் புத்திமதி: எடுத்ததைப் பத்திரமாக வைத்துக்கொள். அடுப்படியில் வெந்து வடை சுட்ட கிழவிக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கதையைப் பார்த்துக் கவலைப்பட்டவர்கள் எனக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். ஈசாப்பின் பெயரில் வழங்கிவந்த இதை 1668 இல் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொன்டேன் கவிதையாக எழுதினார். அங்கே வடை இல்லை, பாற்கட்டி. பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு அந்தக் கவிதைகளை மனப்பாடம் செய்விப்பது வழக்கம். 1762 இல் வெளிவந்த ‘எமில்’ நூலில் ரூசோ அந்தக் காகம்-நரிக் கவிதையை வரி வரியாக எடுத்துவைத்துக் கண்டித்தார். பிள்ளைகள் காகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். நரியைத்தான் விரும்புவார்கள் என்றார். ஏமாறுகிற ஆளாக இருக்க எந்தப் பிள்ளைக்கும் ஆசை வராது. ஆகவே புகழ்ச்சியைக் கண்டு எச்சரிக்கையாக இரு என்று நாம் சொல்ல நினைக்க, புகழ்ந்தால் வடை கிடைக்கும் என்று பிள்ளை படித்துக்கொள்ளும். (தனக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளையும் அநாதை இல்லத்தில் விட்ட மனிதர் பிள்ளை வளர்ப்பைப் பற்றி இவ்வளவு எழுதினார் என்பது வேறு விடயம்.)

இதே கதைக்கு நம் ஊருக்குப் பக்கத்திலேயே இன்னொரு வடிவம் இருக்கிறது. பௌத்த ஜாதகக் கதைகளில் 294 ஆவது, ஜம்புகாதக ஜாதகம். நாவல் மரத்தில் இருந்து காகம் பழம் தின்கிறது. கீழே வந்த நரி அதன் குரலைப் புகழ்கிறது. காகம் மயங்கி ஏமாறவில்லை. பதிலுக்கு நரியைப் புகழ்ந்து, உயர்குலத்தவரை உயர்குலத்தவருக்குத்தான் தெரியும் என்று சொல்லிக் கிளையை உலுப்பிப் பழத்தை விழுத்துகிறது. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாகப் புகழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்த மரத்துத் தேவதை இரண்டையும் துரத்திவிடுகிறது. அந்தத் தேவதைதான் அந்தப் பிறவியில் போதிசத்துவர். இந்தக் கதையில் நரியின் பக்கமும் நிற்க முடியாது, காகத்தின் பக்கமும் நிற்க முடியாது. அதே காகம், அதே நரி. பேச்சு எங்கே முடிகிறது, யார் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பது மட்டும் மாறியிருக்கிறது. கேட்கிற பிள்ளைக்குக் கிடைப்பது முற்றிலும் வேறு.

நம் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு “கா” என்று பாடும் புத்திசாலிக் காகத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த வடிவத்தில் நரி தோற்கிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். பாட்டிக்கு வடை அப்போதும் திரும்பக் கிடைப்பதில்லை.

இவை யாருக்காகச் சொல்லப்பட்டன?

சிறுவர் கதைகள் என்று நாம் சொல்லும் பலவும் சிறுவருக்காகப் பிறந்தவை அல்ல என்பதைப் பெற்றோர் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பஞ்சதந்திரத்தின் முகப்புக் கதையே அதைச் சொல்கிறது. அமரசக்தி என்ற அரசனின் மூன்று மக்குப் பிள்ளைகளை ஆறு மாதத்தில் ஆட்சிக்குத் தயாராக்குவதாக விஷ்ணுசர்மா ஏற்றுக்கொள்கிறார். அதற்கான பாடம்தான் அந்த நூல். நண்பர்களைப் பிரிப்பது எப்படி, எதிரியின் கோட்டைக்குள் நுழைவது எப்படி, யாரை நம்பக்கூடாது என்பவைதான் அதன் அக்கறை. சுருக்கமாகச் சொன்னால் அரசியல் கையேடு. தாண்டவராய முதலியார் அதை 1826 இல் தமிழ் வசனமாக்கியபிறகு அது பாடப்புத்தகங்களுக்குள் வந்தது. பிறகு படம் போட்ட சிறுவர் நூலானது. நரிகள் மட்டும் மாறவில்லை.

முதல் தந்திரத்தை எடுங்கள். பிங்கலகன் என்ற சிங்கமும் சஞ்சீவகன் என்ற காளையும் உயிர் நண்பர்கள். தமனகன் என்ற நரி இருவருக்கும் நடுவே கோள் மூட்டி, சிங்கத்தைக் கொண்டே காளையைக் கொல்லுவிக்கிறது. பிறகு? தமனகன் சிங்கத்துக்கு மந்திரியாக நிம்மதியாக இருக்கிறான். கதை அவ்வளவுதான்.

8ஆம் நூற்றாண்டில் பாரசீக மொழி வழியாக இதை அரபுக்குக் கொண்டுபோன இப்னு அல்-முகஃபாவுக்கு இந்த முடிவு பொறுக்கவில்லை. ‘கலீலா வ திம்னா’ என்று நரிகளின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அந்த நூலில், மூலத்தில் இல்லாத ஓர் அத்தியாயம் இருக்கிறது. திம்னாவை விசாரணைக்கு நிறுத்துகிறார்கள். சாட்சிகள் வருகிறார்கள். திம்னா வாதாடுகிறான். கடைசியில் தண்டனை பெற்றுச் சாகிறான். குற்றவாளி தப்பிப் போகும் கதையைப் படிப்பவரிடம் அப்படியே கொடுப்பதா என்ற கவலை ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன்பே ஒருவருக்கு இருந்திருக்கிறது. அவர் கதையைத் தூக்கி எறியவில்லை, மேலே ஓர் அத்தியாயம் எழுதினார். கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள வாசகர்களுக்கு அந்த அரபு நூல் தெரிந்திருக்கலாம். தமிழ்ப் பஞ்சதந்திரப் புத்தகங்களில் திம்னாவின் விசாரணையை நான் பார்த்ததில்லை.

பிள்ளை உண்மையில் எதை எடுத்துக்கொள்கிறது?

பெரியவர்கள் இப்படி ஊகித்துக்கொண்டிருக்க, ஆராய்ச்சியாளர்கள் பிள்ளைகளிடமே போய்ப் பார்த்தார்கள். கனடாவில் காங் லீ, விக்டோரியா டல்வார் முதலியோர் செய்து 2014 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. மூன்று முதல் ஏழு வயது வரையான 268 பிள்ளைகள். பின்னால் இருக்கும் விளையாட்டுப் பொருளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போவார். பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிடும். எந்தப் பிள்ளைதான் பார்க்காது? ஆய்வாளர் வந்து ஒரு கதை வாசிப்பார். பிறகு, “திரும்பிப் பார்த்தாயா?” என்று கேட்பார்.

பொய் சொன்னதால் ஆடுகளைப் பறிகொடுத்த இடையனின் கதையைக் கேட்ட பிள்ளைகளும், பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதையைக் கேட்டவர்களும், சம்பந்தமே இல்லாத ஆமை-முயல் கதையைக் கேட்டவர்களைவிட அதிகம் உண்மை சொல்லவில்லை. செரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையை ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெற்ற ஜோர்ஜ் வொஷிங்டன் கதையைக் கேட்டவர்கள்தான் கூடுதலாக ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கதையின் முடிவையே பொய்க்குக் கிடைக்கும் தண்டனையாக மாற்றி வாசித்தபோது அதன் பலனும் போய்விட்டது. இதில் ஒரு வேடிக்கை: செரி மரக் கதையே பொய். வீம்ஸ் என்ற பாதிரியார் தன் வொஷிங்டன் வரலாற்று நூலின் 1806 ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த கட்டுக்கதை அது.

நம் கதைகளுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். இடையன் கதைதான் தமிழில் “புலி வருது, புலி வருது”. (போர்க்காலத்தில் திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லும் பழக்கமே இல்லை. காவலரண் பக்கத்தில் கதை சொல்லும் பிள்ளைக்கு அது வேறு ஆபத்து.) கோடரியை ஆற்றில் விட்ட விறகுவெட்டி, தங்கக் கோடரியைக் காட்டியபோது “இது என்னுடையது இல்லை” என்று சொல்லி மூன்றையும் பெற்றுக்கொண்ட கதை வொஷிங்டன் கதையின் பக்கம் நிற்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் இரவில் சொல்ல நேரம் இருக்கிறதென்றால் நான் விறகுவெட்டியைத்தான் எடுப்பேன்.

ரொறன்ரோவில் 2017 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு மிருகக் கதைகளையே தொட்டது. பகிர்ந்து கொடுப்பதைப் பற்றிய ஒரே கதையை ஒரு குழுவுக்கு மனிதப் பாத்திரங்களோடும் இன்னொரு குழுவுக்கு உடுப்புப் போட்ட மிருகங்களோடும் வாசித்தார்கள். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள். கதைக்குப் பிறகு தங்கள் ஸ்டிக்கர்களைப் பகிரச் சொன்னபோது, மனிதர் கதையைக் கேட்ட பிள்ளைகள் முன்பைவிட அதிகமாகக் கொடுத்தார்கள். மிருகக் கதை கேட்டவர்களிடம் அது நடக்கவில்லை. மிருகக் கதை பிள்ளையை மகிழ்விக்கும், சொல்வளம் தரும். நல்லொழுக்கத்துக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படியானால் காகத்தையும் நரியையும் பற்றி நான் அவ்வளவு அஞ்சத் தேவையில்லை என்றும் சொல்லலாம். என் உண்மையான கவலை மனிதர்கள் வரும் கதைகளைப் பற்றியது.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம், யாரைப் பார்த்து அஞ்சுகிறோம்

நீதி என்று கடைசியில் சொல்லும் வரியைப் பிள்ளைகள் அடுத்த நாளே மறந்துவிடுகிறார்கள். யார் அசிங்கமாக இருந்தார்கள், யார் அடிவாங்கினார்கள் என்பதை மறப்பதில்லை. குரங்கும் முதலையும் கதையில் நண்பனின் இதயத்தைக் கேட்பது முதலையின் மனைவி. கணவன் முதலை பாவம், சொன்னதைச் செய்தவன். படம் போட்ட புத்தகங்களில் அரக்கர் எப்போதும் கறுப்பு, இளவரசி எப்போதும் வெள்ளை. என் மகள் என்னைப் போல நிறம். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே தன் கையைப் பார்க்கிறாள்.

மாற்றாந்தாய் இன்னொன்று. கிறிம் சகோதரர்கள் 1812 இல் வெளியிட்ட முதற்பதிப்பில் ஸ்னோ வைட்டைக் கொல்லச் சொன்னது அவளைப் பெற்ற தாய். அது வாசகருக்குத் தாங்காது என்று 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். ஹான்சலும் கிரெட்டலும் கதையிலும் அப்படியே. 1840 பதிப்பில் தாய் மாற்றாந்தாய் ஆனாள். பெற்ற தாயின் பெயரைக் காப்பாற்ற எடுத்த அந்தத் திருத்தம் உலகத்தின் எல்லா மாற்றாந்தாய்களின் தலையிலும் விழுந்தது. நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு கனம் உண்டு. போரிலும் 2004 சுனாமியிலும் தாயை இழந்து அப்பாவின் இரண்டாம் தாரத்திடம் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலையில் இருக்க, சின்னம்மாவின் கையால் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இன்றும் வகுப்புக்கு வகுப்பு உண்டு. “சின்னம்மா எண்டா கெட்டவ” என்று இன்னொரு பிள்ளை சொல்வது அந்தப் பிள்ளைக்கு எப்படிக் கேட்கும்?

கிறிம் செய்ததைப் பார்த்தபிறகு, கதைகளைக் கழுவித் துடைத்துக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. ஒரு முள்ளை எடுத்தால் இன்னொரு இடத்தில் குத்துகிறது. ஒரே கதையின் இரண்டாவது வடிவத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் மேல் என்று நினைக்கிறேன். திருகோணமலையில் அதற்கு வேறெங்கும் தேடிப் போகவேண்டியதில்லை.

பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களைத் தாண்டி ஏறினால் கோணேஸ்வரம். அதன் ஓரத்தில் கடலை நோக்கிப் பிளந்து நிற்கும் பாறைதான் இராவணன் வெட்டு. நோய்ப்பட்ட தாய் இருந்த இடத்திலேயே கும்பிடட்டும் என்று கோயிலோடு மலையையே பெயர்த்துக்கொண்டு போக முயன்றானாம் இராவணன். அவனுடைய வாள் பட்ட இடம் அது என்று சொல்வார்கள். பக்கத்தில் கைகூப்பி நிற்கும் இராவணன் சிலை ஒன்றும் உண்டு. இராமாயணம் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு முதல்முறை அங்கு வரும் பிள்ளைகள் குழம்பிப்போகிறார்கள். சீதையைத் தூக்கிக்கொண்டு போன கெட்டவன் இங்கே ஏன் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான்? இது இங்கே மட்டும் உள்ளதும் இல்லை. கோணேஸ்வரத்தின் மீதும் பதிகம் பாடிய திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாட்டில் இராவணனை நினைவுகூர்வதை வழக்கமாகவே வைத்திருந்தார்: மலையைத் தூக்கி நசுங்கினான், பிறகு பாடி வரம் பெற்றான். செருக்குக்கு அடி, பக்திக்குப் பரிசு. இரண்டும் ஒரே ஆளுக்கு.

அநுராதபுர வீதியில் கொஞ்சம் போனால் கன்னியா. தாய்க்கு இறுதிக் கடன் செய்வதற்காக இராவணன் நிலத்தைக் குத்தி எடுத்த ஏழு வெந்நீர் ஊற்றுகள் என்பது நம் வழக்கு. திருகோணமலைச் சைவர்கள் இறந்தவர்களுக்கான கடன்களை அங்கே போய்ச் செய்யும் வழக்கம் அந்தக் கதையோடு பிறந்தது. இந்தக் கதையிலும் ஒரு முள் இருக்கிறது. சொல்கிறவரைப் பொறுத்து அது மாறும். ஒரு வடிவத்தில், இராவணனைத் தடுப்பதற்காக விஷ்ணு கிழவனின் வேடத்தில் வந்து அவன் தாய் இறந்துவிட்டாள் என்று சொல்கிறார். “கடவுள் பொய் சொல்லலாமா?” என்று மகள் கேட்டாள். கூட வந்த என் அம்மா, “அது பொய்யில்ல பிள்ள, திருவிளையாட்டு” என்றார். மகள் திருப்தியடையவில்லை. நானும்தான்.

இராமாயணத்தைப் பல விதமாகச் சொல்லலாம் என்பது எல்லோருக்கும் பிடித்த விடயம் இல்லை. இராவணனைத் தமிழர் தலைவனாக வைத்துப் புலவர் குழந்தை எழுதிய ‘இராவண காவியம்’ 1946 இல் வெளிவந்தது. 1948 இல் சென்னை மாகாண அரசு அதைத் தடை செய்தது. தடை நீங்க 1971 ஆனது. ஏ. கே. இராமானுஜனின் ‘முந்நூறு இராமாயணங்கள்’ கட்டுரையை 2011 இல் டெல்லிப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. சிறுவர் கதை என்று நாம் நினைப்பதற்காகப் பெரியவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு இவை போதும்.

இலங்கையில் இராவணனுக்கு இன்னுமொரு பக்கம் முளைத்திருக்கிறது. மகாவம்சம் இராவணனைப் பற்றிப் பேசுவதில்லை. அதன் அரச வரலாறு விஜயன் கப்பலில் வந்து இறங்குவதோடு தொடங்குகிறது. ஆனால் அண்மைய தசாப்தங்களில் சிங்களத் தேசியவாதிகளில் ஒரு பகுதியினர் இராவணனைத் தங்கள் மூதாதை அரசனாக எடுத்துக்கொண்டார்கள். ‘இராவண பலய’ என்று ஓர் அமைப்பு உண்டு. இலங்கையின் முதல் செய்மதி 2019 இல் விண்ணுக்குப் போனபோது அதன் பெயர் ‘ராவணா-1’. அடுத்த ஆண்டு, இராவணனின் வான்பயணம் தொடர்பான ஆவணங்கள் இருந்தால் தாருங்கள் என்று அரசாங்கத்தின் பெயரில் பத்திரிகை விளம்பரமே வந்தது. தமிழ்ப் பிள்ளைக்குச் சிவபக்தன், சிங்களப் பிள்ளைக்கு விமானி, தொலைக்காட்சிக்கு அரக்கன்.

இது வேடிக்கையாக மட்டும் இருந்திருந்தால் நல்லது. கன்னியா தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. அங்குள்ள அறிவிப்பு அந்த இடத்தைப் பௌத்த மடாலயத்தின் எச்சமாகவே விபரிக்கிறது. இராவணனும் இல்லை, அவன் தாயும் இல்லை. அங்கிருந்த பிள்ளையார் கோயில் நிலம் தொடர்பாக 2019 ஜூலையில் ஆர்ப்பாட்டம் நடந்தது, விடயம் திருகோணமலை மேல் நீதிமன்றத்துக்கும் போனது. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய பிள்ளை அந்த அறிவிப்பை வாசித்துவிட்டு, அம்மம்மா சொன்ன கதையில் இருந்தவர்கள் எங்கே என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய இடத்தில்தான் திருகோணமலைப் பெற்றோர் நிற்கிறோம். அது தொல்பொருள், இது கதை, இரண்டையும் வேறுவேறாக விளங்கிக்கொள் என்று நான் சொன்னேன். கதை என்பதால் அது சும்மா இல்லை, அம்மப்பாவின் அந்தியேட்டிக்கு நாங்கள் வந்தது இந்தக் கதையை நம்பித்தான் என்றும் சொன்னேன். இரண்டாவதுதான் அவளுக்கு விளங்கியது.

எந்தச் சமூகமும் பாதிக்கு மேல் இல்லாத மாவட்டம் இது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளை தன் பாடத்தில் விஜயன்-குவேனி கதையைப் படிக்கிறது. அந்தக் கதையையும் என் மகளுக்குச் சொன்னேன். இயக்கியான குவேனி விஜயனுக்கு அடைக்கலம் கொடுத்து, தன் இனத்தையே அவனுக்குக் காட்டிக்கொடுக்கிறாள். இரண்டு பிள்ளைகள் பிறக்கின்றன. அரச குலப் பெண் மதுரையிலிருந்து வரப்போகிறாள் என்றதும் விஜயன் அவளைப் பிள்ளைகளோடு போகச் சொல்கிறான். தன் இனத்தவரிடம் திரும்பிய அவளை அவர்கள் கொல்கிறார்கள். பிள்ளைகள் தப்பிக் காட்டுக்குள் போகின்றன. ஒரு இனத்தின் தொடக்கக் கதையாக இதைப் பெரியவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதில் விஜயனும் இல்லை, இனமும் இல்லை. “அந்த ரெண்டு பிள்ளைகளுக்கும் பிறகு ஆர் சாப்பாடு குடுத்தது?” என்றுதான் கேட்டாள். சூர்ப்பனகையின் மூக்கை அறுத்த இடத்திலும் அப்படித்தான்: “கல்யாணம் கட்டக் கேட்டதுக்கா?”

அரக்கர், இயக்கர், அசுரர் என்று சொல்லிப் பழகியபிறகு அவர்களுக்கு என்ன நடந்தாலும் சரி என்று ஆகிவிடுகிறது. பிள்ளைகளின் காது இன்னும் அப்படிப் பழகவில்லை. இந்த விதத்தில் நம் சூரன்போர் எனக்குப் பிடிக்கும். யானைமுகனும் சிங்கமுகனும் மாறி மாறி வந்து, கடைசியில் மாமரமாகி நிற்கும் சூரனைப் பிளந்தால், அவன் சேவலும் மயிலும் ஆகிறான். ஒன்று முருகனின் கொடியில், மற்றது காலடியில் வாகனமாக. எதிரியை அழித்து முடிக்காமல் கூடவே வைத்துக்கொள்ளும் கதை. வீதியில் சூரனைத் தூக்கி ஆட்டுகிற இளைஞர்களுக்குத்தான் பிள்ளைகள் அதிகம் கைதட்டுகிறார்கள். முருகனுக்கு அதில் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை.

வீட்டில் நான் செய்வது பெரிய முறை ஒன்றும் இல்லை. “இந்தக் கதையின் நீதி” என்று தொடங்கும் வரியைச் சொல்வதில்லை. நடுவில் நிறுத்தி, பாட்டி இப்போது என்ன செய்துகொண்டிருப்பா என்பது போல ஒன்றைக் கேட்பேன். நந்தனார் கதையைச் சொன்னபோது, கோயிலுக்குள் போக அவர் ஏன் நெருப்பில் இறங்கவேண்டும், நெருப்பில் இறங்கவேண்டியது யார் என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, கதவைப் பெரிதாகத் திறந்துவைத்தால் போதும்தானே என்றாள். சாதியைப் பற்றி அதற்குமேல் அன்றைக்கு நான் விளக்கவில்லை.

என் அம்மாவுக்கு இதிலெல்லாம் உடன்பாடு இல்லை. “நாங்களெல்லாம் இந்தக் கதையளைக் கேட்டுத்தானே வளர்ந்தனாங்கள், கெட்டா போனம்?” என்பார். கெட்டுப் போகவில்லைதான். ஆனால் அவருடைய தலைமுறைக்கு ஒரு கதையைக் கூத்திலும் கேட்கலாம், கோயிலிலும் கேட்கலாம், கிணற்றடியிலும் கேட்கலாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறியிருக்கும். என் மகளுக்குக் கைபேசியில் ஒரே குரலில், ஒரே படத்தோடு, ஒரே முடிவோடு நூறு தடவை ஓடுகிறது.

இரண்டு கதைகளை மட்டும் நான் இப்போதைக்கு வெளியே வைத்திருக்கிறேன். ஒன்று நல்லதங்காள். வறுமைக்கும் அவமானத்துக்கும் சாவைத் தவிர வழியில்லை என்று காட்டும் கதை அது. 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதம் இருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகளைத் தடை செய்தபிறகு அது பெரிதும் இறங்கியது. வழி இருந்தது, கதைதான் அதைச் சொல்லவில்லை.

மற்றது சிறுத்தொண்ட நாயனார். அடியார் வேடத்தில் வந்த இறைவன் கேட்டதற்காகப் பெற்ற பிள்ளை சீராளனை அரிந்து கறி சமைக்கிறார்கள். பிறகு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, பள்ளிக்கூடத்திலிருந்து வருவது போலப் பிள்ளை ஓடி வருகிறான். பக்தியின் உச்சம் என்று கோயிலில் சொல்வார்கள். எனக்குப் பயம் வெட்டும் இடத்தில் இல்லை, கூப்பிடும் இடத்தில். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காக வீதியில் நிற்கும் தாய்மாரை என் மகள் பாடசாலைக்குப் போகும்போது பார்த்திருக்கிறாள். கூப்பிட்டால் வருவான் என்ற கதையைக் கேட்டுவிட்டு அவள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். அவளுக்குப் பத்து வயதாகட்டும் என்று வைத்திருக்கிறேன். அதற்குள் அம்மம்மா சொல்லிவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.